மணிப்பூர் முறைப்படி ஒரு நமஸ்காரம்

புகழேந்தியின் முதுகைப் பற்றிச் சொல்லாமல் புகழேந்தியைப் பற்றிச் சொல்ல முடியாது. திண்டிவனத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் அவன். மேடைக்கு அடியில் ஊர்ந்து போய் வயர் இழுப்பான். ஸ்பீக்கர் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்குவான். பெருமுக்கல் மலைக் கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கரை முதுகில் கட்டிக்கொண்டு படியேறுவான். உச்சிக்குப் போனதும் எல்லோரும் சாமியைப் பார்க்க, அவன் கம்பத்தைப் பார்ப்பான். வேலைக்கு எப்படி வேண்டுமானாலும் வளைகிற அந்த முதுகு, மனிதருக்கு முன்னால் மட்டும் விறைத்து நின்றுவிடும்.

அதற்குக் காரணம் உண்டு. அவன் அப்பா பண்ணையில் கூலி வேலை செய்தவர். ஒருநாள் அவர் ஓட்டிப்போன மாடு பண்ணைக்காரரின் நெல்லில் வாய் வைத்துவிட்டது. மாடு செய்த தப்புக்கு மனிதர் நடுத்தெருவில் காலில் விழுந்தார். அதைச் சின்னப் பையனாக நின்று பார்த்தவன் புகழேந்தி. வீட்டுக்கு வந்ததும் அப்பா அவனைக் கூப்பிட்டு, "நீ பொறந்ததுலேர்ந்து சாவறவரைக்கும் எவன் கால்லயும் விழக் கூடாது, ஆமா," என்றாராம். அவன் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டான். அப்புறம் பகுத்தறிவுக் கூட்டங்களுக்கு மைக் கட்டப் போய், அங்கே கேட்டதெல்லாம் அப்பா சொன்னதோடு ஒத்துப்போகவே, கடவுளையும் சேர்த்துக் கைகழுவிவிட்டான்.

என் பெயர் சாதிக் பாட்சா. கோட்டக்குப்பம். சார்ஜாவில் கிடங்கு வேலை பார்த்துவிட்டு வந்து, திண்டிவனத்தில் நாற்காலி, ஜமுக்காளம், சாமியானா வாடகைக்கு விடுகிறேன். அவன் மைக் கட்டுகிற இடத்தில் என் நாற்காலி இருக்கும். எங்கள் இருவருக்கும் ஒரு பொருத்தம். அவன் யார் காலிலும் விழ மாட்டான், கடவுள் இல்லை என்பதால். நான் யார் காலிலும் விழ மாட்டேன், கடவுள் ஒருவன்தான் என்பதால். வந்த வழி வேறானாலும் நிற்கிற இடம் ஒன்று. ஊரே ஒரு தலைவரைப் பார்த்துத் தொப்பு தொப்பென்று விழுகிற கூட்டங்களில், நாங்கள் இரண்டு பேர் மட்டும் பனைமரம் மாதிரி நின்றுகொண்டிருப்போம்.

இந்த முதுகு அவனுக்கு எல்லா இடத்திலும் மரியாதை வாங்கித் தந்தது, வல்லத்தைத் தவிர. வல்லம் அவன் மாமியார் ஊர்.

மாமனார் விருத்தாசலம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ரோஜாவுக்குச் சுயமரியாதைத் திருமணம் என்றபோதே முகத்தைச் சுளித்தார். ஐயர் இல்லை, அம்மி இல்லை, சரி போகட்டும் என்று ஒத்துக்கொண்டார். மாலை மாற்றி முடிந்ததும் மேடையில் வந்து, மணமக்கள் விழுவதற்கு வசதியாக இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றார். ரோஜா விழுந்தாள். புகழேந்தி கை நீட்டினான், குலுக்குவதற்கு. ஒருவர் காலைக் காட்டிக்கொண்டும் ஒருவன் கையைக் காட்டிக்கொண்டும் நின்ற அந்த நிமிடம் கல்யாண வீடியோவில் இன்னமும் இருக்கிறது. நீட்டிய கையோடு அவன் ரோஜாவைப் பார்த்து, "எழுந்திரும்மா," என்றான். அந்த ஒரு வார்த்தைதான் வினையாகிவிட்டது.

"முப்பது வருசம் நின்னுக்கினே சோறு போட்ட காலு இது," என்றார் விருத்தாசலம். "இதுல விழாத ஆளு என் வாசப்படி ஏறக்கூடாது."

"அவரு ஏறாத படியை நானும் ஏற மாட்டேன்," என்றாள் ரோஜா. அவளும் கண்டக்டர் மகள்தானே.

பத்தொன்பது வருடம். திண்டிவனத்துக்கும் வல்லத்துக்கும் பஸ்ஸில் ஏறிக் கண்ணயர்ந்தால் ஊர் தாண்டிவிடும், அவ்வளவு தூரம்தான். எனக்கு சார்ஜா பக்கமாக இருந்த காலத்தில் ரோஜாவுக்கு வல்லம் தூரமாக இருந்தது. அவள் அம்மா குப்பம்மாள் மாதத்தில் ஒருநாள் மல்லாட்டைக் கடலையும் முருங்கைக் கீரையும் எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். மகளின் வீட்டுக்கு வரக் கூடாது என்று கணவர் உத்தரவு. அம்மாவும் மகளும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, சோடா குடித்து, தலை பார்த்து, அழுது, சிரித்து, அடுத்த வண்டியில் பிரிவார்கள். மாமனார், மருமகன் இரண்டு பேர் மேலும் எனக்கு ஆத்திரமாக வரும். வாயைத் திறந்தால் நட்பு போய்விடும் என்று மூடிக்கொண்டிருப்பேன்.

போன தை மாதம் குப்பம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டுவிட்டார்கள். இனிமேல் பஸ் ஏற முடியாது என்று செய்தி வந்தது. ரோஜா புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் போய் விழுங்கள் என்று அவள் சொல்ல மாட்டாள். சொல்லாமல் அவளால் அம்மாவைப் பார்க்கவும் முடியாது. குழம்பில் உப்பு இல்லாமல் போயிற்று. புகழேந்தி உப்பில்லாத குழம்பைச் சத்தமில்லாமல் சாப்பிட்டான். அந்த வீட்டில் அந்த மாதம் நான் டீகூடக் குடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மணிப்பூர்க்காரர்கள் வந்தார்கள்.

எங்கள் ஊரில் வாட்ச் கடை வைத்திருக்கிற பூமாலை ஒரு கலைக் கழகத்துக்குச் செயலாளர். புதுச்சேரிக்கு வந்திருந்த மணிப்புரி நடனக் குழு ஒன்றைப் பேசிப் பிடித்து, திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ராஸ் லீலா நடத்த ஏற்பாடு செய்துவிட்டார். மைக் புகழேந்தி, நாற்காலி நான். குழுவுக்குத் தலைவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மெலிந்த மனிதர், பெயர் தோம்பா. எல்லோரும் அவரை ஓஜா என்றார்கள். அவர்கள் மொழியில் ஆசிரியர் என்று அர்த்தமாம். அவருக்குத் தமிழ் தெரியாது, பூமாலைக்கு இந்தி தெரியாது. சார்ஜாவில் நான் கற்ற இந்தி அன்றைக்குத்தான் ஊருக்குப் பயன்பட்டது.

ஓஜா மண்டபத்தைப் பார்த்ததும் முதலில் சொன்னது, மேடை வேண்டாம் என்பது. கீழே நடுவில் ஆடுவோம், மக்கள் சுற்றி உட்காரட்டும் என்றார்.

"மேடை வாணாமா? மேடைக்குத்தான பாய் சீரியல் லைட்டே போட்டிருக்கு," என்றார் பூமாலை. அப்புறம்தான் உண்மையான கவலை வந்தது. "சுத்தி உக்காந்தா முன்வரிசை எது? தலைவர எங்க உக்கார வைக்கறது?"

வட்டத்துக்கு முன்வரிசை கிடையாது என்று நான் சொன்னதும் மனிதருக்கு வியர்த்துவிட்டது. சிறப்பு விருந்தினராகக் கட்சித் தலைவர் ஒருவரை அழைத்திருந்தார். கடைசியில், எந்தப் பக்கம் சோபா போடுகிறோமோ அந்தப் பக்கம்தான் முன்பக்கம் என்று தீர்மானித்து, சோபாவை வட்டத்தில் நுழைத்தோம்.

ஆடும் பெண்கள் உடுத்திக்கொண்டு வந்தார்கள். பாவாடை பீப்பாய் மாதிரி விறைத்து நின்றது, சுற்றிலும் சின்னச் சின்னக் கண்ணாடி. தலையில் கூம்பு, அதன் மேலிருந்து முகத்தை மூடும் மெல்லிய திரை. அந்தப் பாவாடையோடு உட்கார முடியாது. நான் அவர்களுக்கென்று தனியாகத் துடைத்துப் போட்ட நாற்காலிகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சுவர் ஓரமாக நின்றார்கள். என் தொழிலில் நாற்காலியே வேண்டாத ஆட்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பாய், காலுக்குக் கீழ மைக் வெக்கணும், சலங்கை சத்தம் புடிக்கறதுக்கு," என்றான் புகழேந்தி. ஓஜாவிடம் கேட்டேன். சலங்கை கிடையாது, பாதம் தரையை அடிக்கவும் செய்யாது என்றார்.

"சத்தமே வராத ஆட்டத்துக்கு நான் எதுக்கு?" என்றான் அவன். நியாயமான கேள்வி.

ஓஜா உட்கார்ந்து கதை சொன்னார். இது பொழுதுபோக்கு இல்லை, பூஜை என்றார். இருநூறு வருடத்துக்கு மேலாகிறதாம். பாக்கியசந்திரா என்ற அவர்கள் அரசரின் கனவில் கண்ணன் வந்து, மலையில் நிற்கிற ஒரு பலாமரத்தில் என் உருவத்தைச் செதுக்கு என்றானாம். கனவில் கண்ட ஆட்டத்தையும் உடையையும் அரசர் அப்படியே கொண்டுவந்தாராம். அவர் மகளே ராதையாக ஆடி, பிறகு தன் வாழ்க்கையையே கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள் என்பார்களாம்.

"கனவுல சாமி வந்துச்சின்றதுக்கு சாட்சி யாருன்னு கேளு பாய்," என்றான் புகழேந்தி.

கேட்டேன். "பலாமரம்," என்றார் ஓஜா, சிரிக்காமல்.

கண்ணன் வருவதற்கு முன்னாலும் அங்கே ஆட்டம் இருந்ததாம். மேடும் பள்ளமுமாகக் கிடந்த பூமியை, ஆதியில் தெய்வங்கள் ஆடி ஆடி மிதித்துச் சமன் செய்தன என்று ஒரு கதை. பூசாரிப் பெண்கள் இன்றைக்கும் அதை ஆடிக் காட்டுவார்களாம், அருள் வந்து குறியும் சொல்வார்களாம்.

"மயிலம் ரோட்டை மிதிக்காம உட்டுட்டாங்கன்னு சொல்லு," என்றான் புகழேந்தி. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகுதான் விபரீதம். நிகழ்ச்சிக்கு நேரமானதும் ஓஜா எழுந்து, முதலில் மிருதங்கம் போன்ற அவர்கள் மத்தளத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அடுத்து மத்தளக்காரர்கள் முன் விழுந்தார். அவர்கள் அவர் முன் விழுந்தார்கள். பாடுகிற அம்மாள் ஓஜா முன், ஓஜா அந்த அம்மாள் முன். அப்படியே நகர்ந்து வந்து, வாயில் இன்சுலேஷன் டேப்பைக் கடித்துக்கொண்டு குந்தியிருந்த புகழேந்தியின் முன்னால் தரையில் படுத்துவிட்டார்.

புகழேந்தி டேப்பைத் துப்பிவிட்டு எழுந்தான்.

"பாய், இன்னா பண்றாரு இவரு? எங்கப்பன் வயசு இவருக்கு. ஏந்திரிக்கச் சொல்லு. ஜல்தி."

சொல்வதற்குள் ஓஜா என் பக்கம் திரும்பிவிட்டார். நான் சட்டென்று நாற்காலி மேல் ஏறிக்கொண்டேன். எங்களில் மனிதருக்கு மனிதர் விழுகிற வழக்கம் இல்லை, விழ வைத்துக்கொள்வதும் இல்லை என்று மேலே நின்றபடியே இந்தியில் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கைகூப்பிச் சிரித்துவிட்டு, "சரி, நீங்கள் அங்கேயே இருங்கள்," என்றார். ஆட்டம் நடக்கிற மண்டபம் கண்ணனின் பிருந்தாவனம், அதற்குள் வந்தவர் எல்லோரும் பக்தர், அரசனே வந்தாலும் இங்கே விழத்தான் வேண்டும், விழுந்தவருக்கு எதிராளும் விழத்தான் வேண்டும் என்று விளக்கினார்.

"நான் பக்தன் இல்ல. அவரு விழுந்ததை வாபஸ் வாங்கச் சொல்லு," என்றான் புகழேந்தி.

"வாபஸ் வாங்க முடியாதாம் புகழு. வேணும்னா திருப்பிக் குடுக்கலாமாம்."

அவன் அப்படியே நின்றான். அவன் மூளையில் ஓடியது எனக்குத் தெரியும். ஒரு மனிதன் இன்னொரு மனிதன் காலில் விழுவது அநியாயம். இப்போது அவன் காலடியில் ஒரு கிழவர் விழுந்திருக்கிறார். அந்த அநியாயத்தில் பண்ணைக்காரர் இடத்தில் அவன் நிற்கிறான். அதைச் சமன் செய்ய ஒரே வழிதான் இருக்கிறது. கைலியை மடித்துக் கட்டினான். பிறந்தது முதல் எந்த மனிதருக்கும் வளையாத முதுகு முதன்முதலாகத் தரையில் நீண்டது.

ஓஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பக்தனா என்று மறுபடி விழுந்தார். புகழேந்தி எழுந்து பார்த்தால் கணக்கு மறுபடி ஒன்று கூடியிருந்தது. அவனும் மறுபடி விழுந்தான். பூமாலை தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, இது ஏதோ தொடக்கச் சடங்கு, நாம் விட்டுவிட்டோம் போல என்று பதறி ஓடிவந்து, சட்டைப் பை பேனாவை எடுத்து வைத்துவிட்டுப் படுத்தார். செயலாளரே படுத்துவிட்டாரே என்று கழகத்தார் படுத்தார்கள். அதைப் பார்த்து, முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்த சனமும் நாற்காலிகளைத் தள்ளிவிட்டுப் படுத்தது. சுவர் ஓரத்து ஆட்டக்காரப் பெண்களைத் தவிர மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன், அதுவும் நாற்காலி மேல்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் உள்ளே நுழைந்தார். கஞ்சி போட்ட வேட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள். வாசலில் கால் வைத்ததும் மண்டபம் முழுக்கக் குப்புறக் கிடப்பதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"எழுந்திருங்க, எழுந்திருங்க. எனக்கு இதெல்லாம் புடிக்காதுன்னு எத்தினி தபா சொல்லியிருக்கேன்," என்றார், ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சலாம் வைத்தேன்.

ஓஜாவுக்கு இவர் யாரென்று தெரியாது; மண்டபத்துக்குள் வந்த இன்னொரு பக்தர், அவ்வளவுதான். முறைப்படி முன்னால் வந்து விழுந்தார். தலைவர் ஆசீர்வாதம் செய்தார். ஓஜா எழவில்லை. எதிர்நமஸ்காரத்துக்குக் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தோம்.

புகழேந்திதான் சொன்னான், ரொம்ப மரியாதையாக. "தலைவரே, இங்க இன்னா வழக்கம்னா, விழுந்தா திருப்பி விழணுங்க."

தலைவர் தன் வேட்டியைப் பார்த்தார். போட்டோ எடுக்கிறவனைப் பார்த்தார். கூட இருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் குனிந்து, பாதி வழியில் தரையில் ஏதோ தேடுகிறவர்போல் கையை ஆட்டி, நிமிர்ந்து, விழுப்புரத்தில் அவசரக் கூட்டம் இருப்பது நினைவுக்கு வந்து கிளம்பிவிட்டார். சோபா காலியாயிற்று. வட்டம் வட்டமாக ஆயிற்று.

ஆட்டம் தொடங்கியது. என்ன சொல்ல, தொடங்கியதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்கள் நடக்கிறார்களா மிதக்கிறார்களா என்று சொல்ல, பாவாடைக்குள் கால் தெரியவில்லை. முகத்தில் திரை. சினிமா ஆட்டம் பார்த்துப் பழகிய எங்கள் சனம் கொஞ்ச நேரம் நெளிந்தது, பிறகு அடங்கியது. கண்ணன் காணாமல் போகிற இடம் வந்தது. பாடுகிற அம்மாளின் குரல் தேடிக்கொண்டே போயிற்று. ராதையாக ஆடிய பெண் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொருவர் முன்னாலும் கை விரித்துக் கேட்பதுபோல் நின்றாள். மொழி யாருக்கும் புரியவில்லை. கைதட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் யாரும் தட்டவில்லை.

ரோஜா அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராதை அவள் முன்னால் வந்து கை விரித்தபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அடக்க முடியவில்லை, விம்மி விம்மி அழுதாள். பக்கத்துப் பெண்கள் பக்தி என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அது கண்ணனைத் தேடுகிற அழுகை இல்லை, வல்லத்தில் கட்டிலில் கிடக்கிற ஆத்தாளைத் தேடுகிற அழுகை. மிக்சரின் முன்னால் நின்றிருந்த புகழேந்திக்கும் தெரிந்தது. அவன் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு எதையும் திருகாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பாவமாக அவன் முகத்தை நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் ஓஜாவிடம் என்னை இழுத்துக்கொண்டு போனான்.

"ரெண்டு பேரும் விழணும்னா, மொதல்ல யாரு விழறதுன்னு கேளு பாய்."

ஓஜா யோசித்துவிட்டுச் சொன்னார்: "யாருக்கு அவசரமோ அவர்."

புகழேந்தி தலையை ஆட்டினான். வெளியே வந்து டெம்போவில் ஸ்பீக்கரை ஏற்றும்போது சொன்னான். "ஒருத்தன் விழுந்து ஒருத்தன் நின்னா அது அடிமைத்தனம். ரெண்டு பேரும் விழுந்தா அது இன்னா பாய்? அதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. நீ வல்லத்துக்குப் போயி பேசு."

நானா என்றேன். அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? போனேன்.

விருத்தாசலம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலிக்காரன் என்பதால் அதன் கால் ஒன்று விரிசல் விட்டிருப்பதைச் சொன்னேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். எல்லாம் கேட்டார்.

"எந்த ஊரு வழக்கம் இது?"

"மணிப்பூருங்க."

"நம்ம டிப்போல அந்த ஊருக்கு வண்டி இல்லியே."

"ரொம்ப தூரங்க. மலைக்கு அந்தாண்ட."

"அவ்ளோ தூரத்துல இருக்கறவன் வழக்கம் நம்ம வாசப்படிக்கு எதுக்கு பாய்? மாமனாரு மருமகன் கால்ல விழுந்தான்னா வல்லமே சிரிக்கும்."

"கால்ல இல்லீங்க. எதிரெதிர, தலைக்குத் தலை. உங்க காலு வூட்டுக்குள்ள இருக்கும், அவரு காலு தெருவுல இருக்கும். யாரு காலும் யாருக்கும் அகப்படாது."

இது அவரை யோசிக்க வைத்தது. விரலால் காற்றில் அளந்து பார்த்தார். ஆனாலும் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அப்போது உள்ளே கட்டிலிலிருந்து குப்பம்மாள் பேசினார்.

"விழுந்தா எலும்புதான்யா உடையும். மானம் உடையாது. நான் விழுந்து பாத்துட்டுத்தான சொல்றேன்."

விருத்தாசலம் எழுந்தார். உள்ளே போய்ப் பழைய விசிலைத் தேடி எடுத்து வந்து, வேட்டியில் துடைத்து, என் கையில் கொடுத்தார். "முன்ன பின்ன ஆவக்கூடாது. நீ ஊதணும், ஒரே நேரத்துல விழணும். மறுக்கா ஊதினா ஏந்திரிக்கணும். தகராறு வரக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். தெரு முழுக்கக் கூடிவிட்டது. வாசப்படிக்கு உள்ளே பாதியும் வெளியே பாதியுமாக என் ஜமுக்காளத்தை விரித்தேன். உள்ளே விருத்தாசலம், வெளியே புகழேந்தி. இரண்டு பேரும் வெள்ளைச் சட்டை. ரோஜா கையில் பையோடு என் பக்கத்தில் நின்றாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

விசிலை ஊதினேன்.

புகழேந்தி சொன்ன சொல் தவறாதவன். அடுத்த நொடி குப்புறப் படுத்துவிட்டான், முகம் ஜமுக்காளத்தில். விருத்தாசலமும் குனிந்தார். பாதி வரை போனார். அங்கே முழங்கால் பிடித்துக்கொண்டது. ஓடுகிற பஸ்ஸில் காலமெல்லாம் நின்ற முழங்கால், மடங்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்துவிட்டார்.

நான் பார்த்தேன், ரோஜா பார்த்தாள், தெரு பார்த்தது. புகழேந்தி மட்டும் பார்க்கவில்லை. மாமனாரும் எதிரில் படுத்திருக்கிறார் என்று நினைத்து அசையாமல் கிடந்தான். அவன் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அந்த ஜமுக்காளத்தில் உடைந்து கிடந்தது, அது அவனுக்கே தெரியவில்லை. விருத்தாசலம் பத்தொன்பது வருடம் கேட்டது அவர் காலடிக்கு முன்னால் நீட்டிப் படுத்திருந்தது. அவர் சும்மா நின்றால் போதும். நான் மறுபடி ஊதினால் எல்லாம் முடிந்துவிடும். கோபத்தில் நான் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

விருத்தாசலம் மருமகனின் முதுகைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மாப்ள," என்றார். கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். "ஏந்திரிச்சிடாத. இன்னும் கொஞ்சம் இரு. நான் வந்துக்கினு இருக்கேன்."

ஜமுக்காளத்திலிருந்து குரல் வந்தது. "மெதுவா வாங்க மாமா."

அவர் வந்தார். முதலில் நிலையைப் பிடித்துச் சாய்ந்தார். விரிசல் விட்ட நாற்காலியை இழுத்து அதில் கை ஊன்றினார். ஒரு காலைப் பின்னால் நீட்டினார், இன்னொரு காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து வைத்தார். ஆண்டவா என்று முனகினார். தூக்கிவிடப் போன ஒருவரைக் கையால் தள்ளினார். பக்கவாட்டில் சரிந்து, புரண்டு, குப்புறக் கவிழ்ந்து, தலையை மருமகன் தலைக்கு எதிரே கொண்டுவந்து வைத்தார்.

"வந்துட்டேன்," என்றார்.

தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. கட்டிலில் இருந்து குப்பம்மாள் கூப்பிட்டார். "யாரது? ரோஜா வந்துட்டாளா?"

வாசப்படியை இரண்டு பேரும் முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தார்கள். படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். ரோஜா என்னைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புருஷனைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி, உள்ளே ஓடினாள். கட்டில் கிறீச்சிட்டது. அம்மாவும் மகளும் அழுகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

"தாண்டிப் போயிட்டா பாரு," என்றார் விருத்தாசலம் தரையில் இருந்தபடியே.

"போவட்டும் மாமா," என்றான் புகழேந்தி. "இப்ப நாம ஏந்திரிச்சா மறுபடியும் அவ வழியிலதான் நிப்போம்."

விருத்தாசலம் சரி என்றார்.